காற்று பிய்த்த ஷீட் கூரை: பழுது பார்த்ததும் கிளைம் கேட்டதும்

இங்கே எடுத்துக்கொண்டது கலர் ஷீட் போட்ட சாய்வுக் கூரை. இரும்பு ட்ரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டகம்), அதன்மேல் 1.2 மீட்டருக்கு ஒன்றாக சி பர்லின் (ஷீட்டை முடுக்கும் சி வடிவக் குறுக்குச் சட்டம்), 20 டிகிரி சாய்வு. ஒரு பக்கச் சரிவில், முக்கோணச் சுவரை ஒட்டிய ஆறு ஷீட்டுகளைக் காற்று பிடுங்கிவிட்டது. முகட்டை மூடும் தகடான ரிட்ஜ் கேப் பாதி நீளத்துக்குக் காணோம். ஒரு பர்லின் வளைந்திருக்கிறது. உள்ளே ஃபால்ஸ் சீலிங் நனைந்து தொங்குகிறது. புயலுக்குப் பிறகு வழக்கமாகப் பார்க்கிற சேதம்தான்.

பலரும் கூரையை ஒரு வேலையாகவும் காப்பீட்டை இன்னொரு வேலையாகவும் பிரித்துக்கொள்கிறார்கள். கொத்தனார், வெல்டர் வந்து கூரையைச் சரிசெய்துவிட்டுப் போன பிறகு பாலிசியைத் தேடி எடுக்கிறார்கள். அதற்குள் சாட்சியம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். கூரை எந்த இடத்தில், எப்படி விட்டுக்கொடுத்தது என்ற கேள்விக்கான பதில் இரண்டு வேலைக்கும் தேவை. சேதத்தை மதிப்பிட காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் கேட்பதும் அதைத்தான், புது ஷீட்டை எப்படி முடுக்குவது என்று தீர்மானிப்பதும் அதுதான்.

மேலே ஏறுவதற்கு முன்

மெயின் சுவிட்சை அணையுங்கள். அறுந்த வயர் ஒன்று ஷீட்டில் உரசிக்கொண்டிருந்தால் கூரை முழுக்க மின்சாரம் பாயும். கூரையில் சோலார் பேனல் இருந்தால், மெயினை அணைத்தாலும் வெளிச்சம் இருக்கும்வரை பேனலிலிருந்து இறங்கும் டிசி வயரில் மின்சாரம் இருக்கும். அதைத் தொட வேண்டியவர் சோலார் வேலை தெரிந்த எலக்ட்ரீஷியன் மட்டும்தான்.

ஈர ஷீட்டில் ஏறக் கூடாது. காய்ந்த பிறகும் ஸ்க்ரூ வரிசையின் மேலேயே கால் வைக்க வேண்டும். அந்த வரிசைக்கு நேர் கீழேதான் பர்லின் இருக்கிறது. பக்கத்து ஷீட் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதன் பிடி தளர்ந்திருக்கலாம். சேஃப்டி பெல்ட் கயிற்றை வளைந்த பர்லினிலோ ஓர ஷீட்டிலோ கட்டாமல் ட்ரஸ்ஸில் கட்டுங்கள். கூரை ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஷீட்டாக இருந்தால் அதன்மேல் நேரடியாக மிதிக்கவே கூடாது, பலகை போட்டுத்தான் நகர வேண்டும். உடைந்த துண்டுகளைத் தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டு முழுத் துண்டாக இறக்குங்கள். அறுப்பதும் டிரில் போடுவதும் நுண்ணிய நாரைக் காற்றில் கலந்துவிடும்.

தொங்குகிற ஃபால்ஸ் சீலிங்கில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கீழே வாளி வைத்து, மிகவும் தாழ்ந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு ஓட்டை போட்டு வடிய விடுங்கள். விட்டுவைத்தால் பலகை முழுவதும் ஒரேயடியாக விழும். நனைந்ததை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தத் தொடங்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். பூஞ்சை வந்துவிட்டால், தாமதித்ததால் வந்த சேதம் என்று அந்தப் பகுதியை கிளைமிலிருந்து கழிப்பதற்கு வழி உண்டாகும்.

முதல் நாள் படங்கள்

வழக்கமான படங்களை எல்லோரும் எடுக்கிறார்கள்: நாலு பக்கமும் வீடு, கூரை முழுசாக, சேதமான பகுதி, உள்ளே நனைந்த சுவர். இவை வேண்டும். ஆனால் கிளைமைத் தாங்கி நிறுத்துவது ஸ்க்ரூ ஓட்டையின் படம்.

பிய்ந்து விழுந்த ஷீட்டை எடுத்து ஸ்க்ரூ இருந்த ஓட்டையைக் கிட்டத்தில் பாருங்கள். புதிதாகக் கிழிந்த விளிம்பு பளபளவென்று வெள்ளையாக இருக்கும், பெயின்ட் உதிர்ந்த ஓரம் கூராக இருக்கும். முன்பே அரித்துப்போன ஓட்டையைச் சுற்றி பழுப்பு வளையம் இருக்கும், விளிம்பு மெலிந்து தூளாக உதிரும். முதலாவது காற்றின் வேலை, இரண்டாவது துருவின் வேலை. காற்றால் வந்த சேதத்துக்குத்தான் பாலிசி பணம் தரும். துருவும் தேய்மானமும் பராமரிப்புக் குறை என்று விலக்கப்பட்டிருக்கும். சிக்கல் என்னவென்றால், பளபளப்பான அந்த விளிம்பு ஈரக் காற்றில் சீக்கிரமே மங்கிப் பழுப்பேறிவிடும். பத்து நாள் கழித்து சர்வேயர் வந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரி தெரியலாம். அதனால்தான் அன்றே, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, தேதி பதிவாகும்படி படம் எடுக்க வேண்டும். ஓட்டுக் கூரைக்கும் இதே கணக்கு. இன்று உடைந்த ஓட்டின் முறிவு செங்கல் நிறத்தில் சுத்தமாக இருக்கும், பழைய முறிவில் பாசியும் கருப்பும் ஏறியிருக்கும்.

ஷீட்டுகளுக்கு முக்கோணச் சுவரிலிருந்து 1, 2, 3 என்று மார்க்கரால் எண் போட்டு, படத்தில் அந்த எண் தெரியும்படி எடுங்கள். ஒரு தாளில் கூரையின் வரைபடம் போட்டு அதே எண்களைக் குறியுங்கள். பிய்ந்த ஷீட்டையும் விழுந்த ஸ்க்ரூக்களையும் சர்வேயர் பார்க்கும்வரை எடைக்குப் போடாதீர்கள். இடமில்லை என்றால் கிழிந்த ஓட்டை உள்ள பகுதியை மட்டும் ஓரிரண்டு ஷீட்டிலிருந்து வெட்டி வைத்தாலும் போதும்.

எது விட்டுக்கொடுத்தது?

ஷீட் கூரை காற்றில் போவது மூன்று விதம். பர்லினைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

ஸ்க்ரூவும் வாஷரும் பர்லினில் அப்படியே நிற்கின்றன, ஷீட் மட்டும் கிழிந்து போயிருக்கிறது என்றால் ஷீட் வாஷரைத் தாண்டி உருவிக்கொண்டது. ஸ்க்ரூக்களின் எண்ணிக்கை குறைவு, அல்லது ஷீட் மெலிசு. பர்லினில் வெறும் ஓட்டை இருக்கிறது, ஸ்க்ரூ ஷீட்டோடு போய்விட்டது என்றால் ஸ்க்ரூவின் பிடி போதவில்லை. மர ரீப்பராக இருந்தால் மரம் உளுத்திருக்கும் அல்லது ஸ்க்ரூ குட்டை. இரும்பாக இருந்தால் பர்லின் மெலிசு, அல்லது முடுக்கும்போதே மரை அரைந்துவிட்டிருக்கிறது. பர்லினே ஷீட்டோடு சேர்ந்து போயிருந்தால் ட்ரஸ்ஸில் பர்லினைப் பிடிக்கும் கிளீட்டின் வெல்டிங்கோ போல்ட்டோ விட்டிருக்கிறது. இந்த மூன்றாவது வகையில் நல்ல ஷீட் வாங்கிப் போடுவதால் எந்தப் பயனும் இல்லை, பர்லினின் பிடிமானத்தைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

இந்தக் கூரையில் நடந்தது முதல் வகை. ஓரத்திலும் நடுவிலும் ஒரே மாதிரி, ஷீட்டின் நெளிவில் ஒரு பள்ளம் விட்டு ஒரு பள்ளத்தில் ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். கணக்கைப் பார்த்தால் ஓரம் ஏன் போனது என்று விளங்கும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும்: 0.6 பெருக்கல் வேகத்தின் வர்க்கம், வேகம் வினாடிக்கு மீட்டரில், விடை பாஸ்கலில். மணிக்கு 144 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 40 மீட்டர். அப்படியானால் 960 பாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 98 கிலோ. கூரையின் ஓரத்திலும் மூலையிலும் காற்று சுழன்று மேலே உறிஞ்சுவதால் இது இரண்டு மடங்கு அளவுக்கு எளிதாகப் போகும். காற்று வரும் பக்கத்தில் ஒரு ஜன்னல் உடைந்தால் உள்ளிருந்தும் தள்ளும். சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பர்லின் இடைவெளி 1.2 மீட்டர், ஸ்க்ரூ இடைவெளி 400 மில்லிமீட்டர் என்றால் ஒரு ஸ்க்ரூவின் பங்கு 0.48 சதுர மீட்டர், அதன் சுமை 96 கிலோ. எல்லாப் பள்ளத்திலும், 200 மில்லிமீட்டருக்கு ஒன்றாகப் போட்டால் அதுவே 48 கிலோ. சில ஸ்க்ரூக்கள் கூடுதலாகப் போட்டிருந்தால் சுமை பாதியாகியிருக்கும்.

ஒரே இழுப்பில்தான் ஷீட் கிழிகிறது என்றும் இல்லை. 1974 கிறிஸ்துமஸ் அன்று ஆஸ்திரேலியாவின் டார்வினைத் தாக்கிய டிரேசி புயலில் ஏராளமான கூரைகள் பறந்ததற்கு ஒரு பெரிய காரணம், காற்று மேலும் கீழுமாக ஆட்டியதில் ஸ்க்ரூவைச் சுற்றி ஷீட் களைத்து வெடித்தது. அதன் பிறகுதான் அங்கே ஷீட்டையும் ஸ்க்ரூவையும் திரும்பத் திரும்ப இழுத்துச் சோதிக்கும் முறை வந்தது. நமக்கு இதிலிருந்து கிடைப்பது: பறக்காமல் தப்பிய ஷீட்டையும் சோதிக்க வேண்டும். ஏழாவது, எட்டாவது ஷீட்டுகளில் சில ஸ்க்ரூக்களைக் கழற்றி வாஷருக்கு அடியில் பாருங்கள். ஓட்டையிலிருந்து நட்சத்திரம் போல மெல்லிய வெடிப்புகள் கிளம்பியிருந்தால் அந்த ஷீட்டும் அடுத்த காற்றுக்குத் தாங்காது. கீழே நின்று பார்த்தால் இது தெரியவே தெரியாது. அந்த வெடிப்பைப் படம் எடுத்து அந்த ஷீட்டையும் கிளைமில் சேருங்கள், வெடிப்பு புதிதாக இருந்தால் அதுவும் இதே காற்றின் சேதம்தான். ஓட்டை நீண்டிருக்கிறது, வெடிப்பு இல்லை என்றால் 5.5 மி.மீ. ஸ்க்ரூ இருந்த இடத்தில் 6.3 மி.மீ. ஸ்க்ரூவைப் பெரிய வாஷரோடு போட்டுப் பிடிக்கலாம்.

தார்ப்பாய்

மேலும் சேதமாகாமல் தடுப்பது காப்பீடு எடுத்தவரின் கடமை. அதற்கு ஆகும் நியாயமான செலவைக் கிளைமில் கேட்கலாம், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். சர்வேயர் வரும்வரை கையே வைக்கக் கூடாது என்று நினைத்து வீட்டை நனைய விடுவது தவறு. படம் எடுத்துவிட்டுத் தார்ப்பாய் போடுங்கள், நிரந்தர வேலையை மட்டும் நிறுத்தி வையுங்கள்.

தார்ப்பாய் முகட்டைத் தாண்டி மறுபக்கம் ஒரு மீட்டராவது இறங்க வேண்டும். முகட்டிலேயே நிறுத்தினால் தண்ணீர் அதற்கு அடியில் புகுந்துவிடும். விளிம்பை ஒரு மரச் சட்டத்தில் இரண்டு சுற்றுச் சுருட்டி, சட்டத்தைப் பர்லினோடு இறுக்குங்கள். வளையத்தில் கயிறு கட்டி விட்டால் காற்று அடிக்கிற அடியில் வளையம் கிழிந்து வந்துவிடும். நல்ல ஷீட்டில் ஆணி அடிக்காதீர்கள், நாளைக்கு அந்த ஓட்டைகளை யார் அடைப்பது என்ற வழக்கு வரும்.

அளவும் சாமானும்

கிளைம் தொகை குறைவதற்கு மிகச் சாதாரணமான காரணம் அளவு. ஆறு ஷீட், ஒவ்வொன்றும் 4.9 மீட்டர் நீளம், 1.07 மீட்டர் அகலம். பக்க மடிப்பு, அதாவது பக்கத்து ஷீட்டோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பகுதி போக, மூடும் அகலம் 1 மீட்டர். கீழே நின்று தரையில் அளந்தால் 27.6 சதுர மீட்டர் வரும். சரிவில் அளந்தால் 29.4. கடையில் வாங்க வேண்டியது 31.5. தரை அளவுக்கும் வாங்கும் அளவுக்கும் 14 சதவீத வித்தியாசம். 30 டிகிரி சாய்வு என்றால் சரிவுக்கே 15 சதவீதம் கூடும், மடிப்பு அதற்கு மேலே. எஸ்டிமேட்டில் மூன்று எண்களையும் எழுதி, எப்படி வந்தது என்று காட்டிவிட்டால் சர்வேயர் வெட்டுவதற்கு இடமில்லை.

ஸ்க்ரூ கணக்கு: ஐந்து பர்லின் வரிசை. முகட்டு வரிசையிலும் இறவார வரிசையிலும் எல்லாப் பள்ளத்திலும், அதாவது ஷீட்டுக்கு ஐந்து. நடு மூன்று வரிசையில் மூன்று மூன்று. ஒரு ஷீட்டுக்கு 19. முக்கோணச் சுவர் ஓரத்து இரண்டு ஷீட்டுக்கு மட்டும் எல்லா வரிசையிலும் ஐந்து, ஆக 25. மொத்தம் 126, சேதாரத்தோடு 140 வாங்குங்கள். பக்க மடிப்புகளைத் தைக்க 450 மில்லிமீட்டருக்கு ஒரு சிறிய ஸ்க்ரூ, ஆறு மடிப்புக்கு 66, வாங்குவது 75. ஓரம் என்று எவ்வளவைக் கணக்கிடுவது என்றால், குறைந்தது ஒரு மீட்டர், அகலமான கட்டடத்தில் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு.

எஸ்டிமேட்டை ‘கூரை பழுது, மொத்தம் இவ்வளவு’ என்று ஒரே வரியில் வாங்காதீர்கள். ஷீட், ரிட்ஜ் கேப், பர்லின், ஸ்க்ரூ, சீலன்ட் டேப், சாரம், பழையதை இறக்கி அகற்றுவது, ஃபால்ஸ் சீலிங், வயரிங் சோதனை என்று தனித்தனி வரி வேண்டும். ஒவ்வொரு வரியிலும் சாமான் வேறு, கூலி வேறு. தேய்மானம் கழிக்கும் பாலிசியில் இது பெரிய தொகை. 20 வருடம் உழைக்கும் என்று கணக்கிடப்படும் ஷீட்டுக்கு 8 வயது என்றால் 40 சதவீதம் கழிப்பார்கள். கூலிக்குத் தேய்மானம் கழிக்கலாமா என்பது பாலிசியின் வாசகத்தைப் பொறுத்தது. கூலியைச் சாமானோடு கலந்து எழுதிவிட்டால் அந்தக் கேள்வியையே எழுப்ப முடியாது.

ஷீட் போடுவது

வளைந்த சி பர்லினைச் சுத்தியால் தட்டி நிமிர்த்தாதீர்கள். மெல்லிய தகட்டை மடித்துச் செய்தது அது. அதன் மடித்த ஓரமான உதடு ஒருமுறை மடங்கினால் பலம் போய்விட்டது. மாற்றத்தான் வேண்டும். ட்ரஸ் சுவரில் உட்காரும் இடத்தில் புதிய வெடிப்பு இருக்கிறதா, நங்கூர போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஷீட்டைப் பலமாகப் பிடித்துவிட்டு ட்ரஸ்ஸை விட்டுவிட்டால் காற்றின் இழுப்பு முழுவதும் அங்கே போய்ச் சேரும்.

காற்றும் மழையும் வழக்கமாக வரும் திசைக்கு எதிர் முனையிலிருந்து ஷீட் போட ஆரம்பியுங்கள். அப்போதுதான் மடிப்பின் வாய் காற்றுக்கு முதுகு காட்டும். இங்கே ஏழாவது ஷீட் ஏற்கெனவே இருப்பதால் அதன் மடிப்பு எந்தப் பக்கம் என்று பார்த்து அதையே பின்பற்ற வேண்டும். இறவாரத்தில் மழைநீரை வாங்கும் தகரத்துக்குள் 50 மி.மீ. நீட்டினால் போதும். நீளவாக்கில் இரண்டு ஷீட்டைச் சேர்க்க நேர்ந்தால் 150 மி.மீ. மடிப்பு, சாய்வு 15 டிகிரிக்குக் கீழே என்றால் 200 மி.மீ., நடுவில் இரண்டு வரி பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் பட்டை).

கலர் ஷீட்டை கிரைண்டரில் அறுக்கக் கூடாது. சூட்டில் விளிம்பின் துத்தநாகம் எரிந்துபோகும், தீப்பொறி விழுந்த இடமெல்லாம் துருப் புள்ளி கிளம்பும். தகரக் கத்தரி அல்லது தகட்டைத் துண்டு துண்டாகக் கடித்து வெட்டும் நிப்ளர்தான் சரி. டிரில் போட்ட இரும்புத் துகளை அன்று மாலையே கூட்டி எடுங்கள். ஒரு இரவு பனியில் நனைந்தாலே பெயின்ட்டில் கறை பிடித்துவிடும்.

ஸ்க்ரூவை இம்பாக்ட் கன்னால் அடித்து இறக்குவதுதான் பாதி ஒழுகலுக்குக் காரணம். கிளட்ச் உள்ள டிரைவரில், செங்குத்தாகப் பிடித்து, ரப்பர் வாஷர் உலோக வாஷரின் ஓரத்தில் மெல்லிய கோடாக எட்டிப் பார்க்கும்போது நிறுத்துங்கள். ரப்பர் பிதுங்கி வெளியே வந்துவிட்டால் இறுக்கம் அதிகம், கொஞ்ச நாளில் வெடித்துவிடும். வாஷரைக் கையால் திருப்ப முடிந்தால் இறுக்கம் போதாது. இரும்புப் பர்லினுக்குக் கீழே மூன்று முழு மரையாவது தெரிய வேண்டும். மர ரீப்பரில் குறைந்தது 35 மி.மீ. இறங்க வேண்டும்.

ரிட்ஜ் கேப் இரு பக்கமும் ஷீட்டின்மேல் 150 மி.மீ. படிய வேண்டும், அடியில் ஷீட்டின் வடிவத்துக்கு வெட்டிய ஃபோம் வைக்க வேண்டும். அதை வைக்காமல் விட்டால் காற்று மழையை மேல்நோக்கித் தள்ளி முகட்டுக்கு உள்ளே கொட்டும்.

சர்வேயரும் பணமும்

சேதத்தைத் தெரிவிப்பதை அன்றே செய்துவிடுங்கள், விவரம் பிறகு வரட்டும். கிளைம் எண்ணையும் பேசியவர் பெயரையும் எழுதி வையுங்கள். காரணம் எழுதும் கட்டத்தில் ‘மழையில் கூரை ஒழுகியது’ என்று எழுதினால் பராமரிப்புக் குறை என்று திரும்பி வரும். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: காற்று ஷீட்டைப் பிடுங்கியது, அந்தத் திறப்பு வழியாக மழை உள்ளே வந்தது. இந்த வரிசை முக்கியம். தரையிலிருந்து ஏறிய வெள்ளத்துக்குப் பெரும்பாலும் தனிப் பிரிவு இருக்கும், அதை இதோடு கலக்காதீர்கள். பழைய ஒழுகல் கறை இருந்தால் மறைக்கவும் வேண்டாம். அதைத் தனியாகக் காட்டிவிட்டால் மற்றதை நம்புவார்கள்.

அந்த அளவுக்குக் காற்றே அடிக்கவில்லை என்று சொன்னால், வானிலை நிலையத்தின் பதிவைக் கேட்டு வாங்கி, அதில் இருப்பது சராசரி வேகமா, வீச்சுக் காற்றின் உச்ச வேகமா என்று பாருங்கள். 10 நிமிடச் சராசரியைவிட 3 வினாடி உச்சம் ஒன்றரை மடங்கு வரை போகும். கூரையைப் பிடுங்குவது உச்சம். ஒன்றரை மடங்கு வேகம் என்றால் அழுத்தம் இரண்டே கால் மடங்கு.

சர்வேயர் வரும் நாளில் வேலை செய்யப்போகும் மேஸ்திரியும் இருக்க வேண்டும். முதலில் எது எதை மாற்ற வேண்டும் என்ற பட்டியலில் இருவரும் ஒத்துப்போகட்டும், விலை பிறகு. பட்டியலில் விடுபட்ட பொருளுக்கு விலை பேசவே முடியாது.

தொகை எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவாக வந்தால் காப்பீட்டுத் தொகை குறைவாக எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கட்டடத்தை மறுபடி கட்ட 100 ஆகும், நீங்கள் 60-க்குத்தான் எடுத்திருக்கிறீர்கள் என்றால், சேதம் 10 ஆனாலும் சராசரி விதி உள்ள பாலிசியில் கிடைப்பது 6, அதிலும் நீங்கள் ஏற்க வேண்டிய ஆரம்பத் தொகை போகத்தான். புதுப்பிக்கும்போது நிலத்தின் விலையை விட்டுவிட்டு, இன்றைய கட்டுமானச் செலவைக் கணக்கிட்டு எடுங்கள். புதியதுக்குப் புதியது தரும் பாலிசியில் கழித்த தேய்மானத்தை வேலை முடித்து பில் கொடுத்த பிறகுதான் தருவார்கள், அதற்குக் கெடுவும் உண்டு.

முழுத் தீர்வு என்று கையெழுத்துக் கேட்கும் தாளில், பழைய ஷீட்டைப் பிரித்து உள்ளே பார்ப்பதற்கு முன் கையெழுத்துப் போடாதீர்கள். பிரித்தபின் துருவேறிய கிளீட், நனைந்த வயரிங், வெடித்த வெல்டிங் எல்லாம் வெளிவரும். அவற்றில் காற்றால் வந்ததைப் படத்தோடு கூடுதல் கிளைமாக அனுப்பலாம். அப்படி அனுப்பும்போது அந்த இடத்தை மூடாமல், சர்வேயர் மறுபடி வருகிறாரா, படமே போதுமா என்று எழுத்தில் கேட்டுப் பதில் வந்த பிறகே ஷீட்டை இறக்குங்கள்.

வேலை முடிந்ததும், மழைக்குக் காத்திருக்காமல் ஹோஸ் பைப்பால் இறவாரத்திலிருந்து மேல்நோக்கி வரிசை வரிசையாகத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், ஒருவர் உள்ளே டார்ச்சோடு நிற்கட்டும். கீழிருந்து ஏறினால்தான் ஒழுகும் மடிப்பு எதுவென்று பிடிபடும். முகட்டிலிருந்து விட்டால் எல்லா மடிப்பும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும். மேஸ்திரிக்குக் கடைசித் தவணையை இந்தச் சோதனைக்குப் பிறகு கொடுங்கள். முடிந்த கூரையின் படங்கள், சாமான் பில், கூலி ரசீது மூன்றையும் கிளைம் எண்ணோடு அனுப்பினால் நிலுவைத் தேய்மானத் தொகைக்குப் பெரும்பாலும் வேறெதுவும் கேட்க மாட்டார்கள்.